நிறுத்தம் தவறாத நடை

என் பேச்சுக்கு அஞ்சிக் கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னே வைத்திருக்கும் தலைவர் அவர்களே! முட்டிவலியை முறியடித்து முன்வரிசை பிடித்த பெரியோர்களே! மூச்சு வாங்கினாலும் பேச்சு ஓயாத தாய்மார்களே! தலை தாழ்ந்த வணக்கம்.

நம் முதியோர் நடைக்குழு இப்படிக் கடலெனப் பெருகும் என்று அன்றே கணித்தவன் யார்? அடியேன்! உடல் அசைந்தால் உள்ளமும் அசையும் என்று மருத்துவர்கள் இன்று மாய்ந்து மாய்ந்து சொல்கிறார்களே, எட்டாம் வகுப்பை எட்டிக்கூடப் பார்க்காத நான் அதை எப்போதோ சொல்லிவிட்டேன்! கைதட்டல் போதும், கடைசிக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

நான் பேருந்து நடத்துநர். இதோ வீற்றிருக்கும் என் மச்சான் ஓட்டுநர். ஒரே வண்டியில் உழைத்து ஓய்வு பெற்றோம். பிறகு என்ன ஆனார் மச்சான்? வீட்டில் பேச ஒரு நாதியில்லை. சன்னலைச் சாத்தினார். சவரத்தை மறந்தார். நாற்காலியில் நங்கூரம் பாய்ச்சி, தொலைக்காட்சியை ஊமையாக ஓடவிட்டு உற்றுப் பார்த்தார். இப்படியே விட்டால் ஆள் மிஞ்ச மாட்டார் என்ற நிலை! விட்டேனா? கதவு பெயரும்படி தட்டினேன்.

"கிளம்புங்க மச்சான்!"

"எங்கய்யா கூப்பிடுறே? கால் நிக்க மாட்டேங்குது."

"நிக்காட்டி நடங்க!"

நடந்தோம். தெருமுனை தாண்டியதும் டக்கென்று நின்றுவிட்டார். நிமிர்ந்தால், பேருந்து நிறுத்தம்! ஓட்டுநர் கால் அல்லவா, தானாகப் பிரேக் போடுகிறது! நானும் பழக்கதோஷத்தில், "ஏறுங்க, ஏறுங்க, உள்ள இடம் இருக்கு!" என்று கூவிவிட்டேன். பொழுது போகாமல் அங்கே குந்தியிருந்த தையற்கார அம்மா சிரித்தபடி எழுந்தார்.

"எங்கப்பா போகுது இது?"

"போயிட்டுத் திரும்பி வரும்மா, ஏறுங்க!"

அடுத்த நிறுத்தத்தில் ஒரு வங்கிக் காவலாளி. அதற்கடுத்து முடிதிருத்துபவர். வயதைக் கேட்டோமா? வலியைக் கேட்டோமா? வாருங்கள் என்றோம், வந்தார்கள்! கடைசி நிறுத்தத்தில் திரும்பிப் பார்க்கிறேன், நிஜப் பேருந்து காலியாக நின்று எங்களிடம் வழி கேட்கிறது!

என்னம்மா அங்கே, கை உயர்த்துவது? ஓ, மச்சான் மனைவியா?

"ஏண்ணே, வீட்டுல பேச நாதியில்லைன்னீங்களே! அப்ப இத்தனை வருஷமா அவர்கூடச் சண்டை போடுறது யாராம்?"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். தலைவர் அவர்களே, ஒரு சிறு திருத்தம். ஓர் இடத்தில் ஆளை மாற்றிவிட்டேன். அவருடைய தங்கை, என் வீட்டுக்காரி, போய்ச் சேர்ந்த பிறகு சன்னலைச் சாத்தியவன் நான். கால் நிற்கவில்லை என்றவன் நான். தட்டியவர் அவர். வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பினேன். மறுநாளும் வந்து தட்டினார்.

ஆகவே அன்பர்களே, உங்கள் தெருவில் சாத்திய கதவு உண்டா? தட்டுங்கள்! திட்டினால் நாளையும் தட்டுங்கள்! உள்ளே இருப்பவன் என்றாவது ஒருநாள் மேடையேறி, தட்டியவனே தான்தான் என்று பெருமை அடித்துக்கொள்வான். அடித்துக்கொள்ளட்டும், வெளியே வந்துவிட்டானே! கேட்ட காதுகளுக்கு நன்றி, நடக்கும் கால்களுக்கு வணக்கம்!