கடைசிப் பத்திரிகை

ஆரணியிலிருந்து படவேடு செல்லும் காலை 9.40 பேருந்து. எனக்கு முன் இருக்கையில் அண்ணனும் தம்பியும். தம்பிதான் கல்யாண மாப்பிள்ளை. கையில் நான்கு புது ஸ்பார்க் பிளக்குகள் வைத்திருந்தார்.

“அண்ணே, அந்தக் கடைசிப் பத்திரிகையைக் குடு. பிளக்கு முனையில நுழைச்சு இடைவெளி சரியான்னு பார்க்கணும்.”

“டேய், இது தாய்மாமனுக்கு! குடுக்கலைன்னா கல்யாணத்துக்கே வரமாட்டாரு.”

“அவரு காரு கிளம்பலைன்னாலும் வரமாட்டாரு. நாளைக்கு ஊர்வலம் அதுலதான்னு அடம் புடிச்சிகினு இருக்காரு. ஆறு வருஷமா ஷெட்டுல கிடக்குது அந்தப் பழைய வண்டி.”

“வேற அட்டையே கிடைக்கலியா உனக்கு?”

“நம்ம பத்திரிகை கனம்தான் கரெக்டுன்னு மெக்கானிக் சொன்னாரு. ஜல்தி சொல்லு, மாமா ஊரு சந்தவாசல் வந்துட்டுது!”

அண்ணன் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“முதல்ல அவரு கையில மரியாதையா குடுத்துடலாம். அப்புறம் ஒரு நிமிஷம் திருப்பிக் கேக்கலாம். அவரு காருதானே!”

“கிரீஸ் பட்டுட்டா?”

இருவரும் சிரித்தபடி படியில் இறங்கும்போது அண்ணனின் பதில் கேட்டது.

“மஞ்சள் தடவின மூலையை நுழைடா. வண்டிக்கும் மங்களமா இருக்கட்டும்.”