கடைசிப் பட்டன்

இல்ல டீச்சர், மெஷின் மேல பழி போட நான் வரல. தப்பு என்னுதுதான், ஆனா தெரியாம பண்ண தப்புன்னு எழுதிக் குடுங்கங்குறேன். உங்க கம்ப்யூட்டர் சென்டர் சீல் குத்தி ஒரே ஒரு தாள். முப்பத்தொம்போது வருஷமா சங்கத்துல இருக்கேன், இப்படித் தாள் கேட்டு ஒருத்தர் முன்னால நின்னதில்ல.

பைத்தான்ல நானே புரோகிராம் எழுதினேனான்னா கேக்குறீங்க? ஏன், துண்டுப் பிரசுரம் படிச்சே பொருளாதாரம் கத்துக்கிட்டவனுக்கு இது பெரிய மலையா? ஒரு சின்னப் புத்தகம், ரெண்டு மாசம். ஸ்ட்ரைக்குல நிக்கிற இருபத்திமூணு பேரையும் பட்டியல் போட்டேன். ஒரு லூப்பு. அது பட்டியல்ல ஒவ்வொரு பேரா எடுத்து, ஆளுக்கொரு பட்டன் செஞ்சு திரையில அடுக்கணும். அடுக்குச்சே! வெல்டரு, லேத்துக்காரரு, பெயிண்ட் அடிக்கிற அக்கா... ஊர்வலத்துல நிக்கிற மாதிரி வரிசையா நின்னாங்க. யார் பட்டனை அமுக்குறோமோ அவங்க போனுக்கு சேதி போகணும்.

வாட்ஸ்அப் குரூப்பா? நல்லாக் கேட்டீங்க போங்க. அதுல நூறு பேரு, எவன் கருங்காலின்னு யார் கண்டா? போட்ட அரை நிமிஷத்துல மேனேஜர் மேசைக்குப் போயிடும். எல்லாருக்கும் சேத்து ஒரே பட்டன் வச்சிருக்கலாம்தான். ஆளாளுக்குப் பேர் சொல்லிக் கூப்பிடணும்னு எனக்கொரு வீம்பு.

போன செவ்வாக்கெழமை சாயங்காலம் வாட்ச்மேன் வந்து காதுல போட்டாரு. காலையில பட்டறை கேட்டுல நிக்கிற அத்தனை பேரையும் போலீஸ் வேன்ல ஏத்தப் போறாங்க, ஏறினவங்களுக்கு வேலையும் கிடையாதுன்னு. உடனே உக்காந்தேன். நாளைக்கு யாரும் கேட்டுக்கு வராதீங்க, வீட்டுலயே இருங்கன்னு அடிச்சேன். ஒவ்வொரு பட்டனா அமுக்குனேன். ஒவ்வொரு தடவையும் கீழ, போயிடுச்சுன்னு வந்துச்சு. இருபத்திமூணு தடவை. அப்புறம் நிம்மதியா ஒரு டீ குடிச்சேன் டீச்சர். அந்த டீ இன்னும் நெஞ்சைக் கரிச்சுக்கிட்டு இருக்கு.

மறுநாள் இருபத்திரெண்டு பேரு கேட்டுல நின்னாங்க. இருபத்திரெண்டு பேரையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க. வெல்டர் சம்சாரம் எங்க வீட்டுக்கு வந்துச்சு. திட்டல. அண்ணே, எங்க வீட்டுப் போன் அடிக்கவே இல்லையேன்னு மட்டும் கேட்டுச்சு. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன்.

நீங்க இப்பச் சொன்னது சரியாப் புரிஞ்சுதான்னு பாருங்க. பட்டனைச் செய்யும்போது அது பேரை எழுதி வச்சுக்காது. அமுக்கும்போதுதான் பேரு என்னன்னு எட்டிப் பாக்கும். அதுக்குள்ள லூப்பு முடிஞ்சு கடைசிப் பேர்ல வந்து நின்னுடும். அதனால எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரே வீட்டுக்காரன்தான் வெளிய வருவான். அப்படித்தானே? செய்யும்போதே பேரைக் கையில குடுத்து அனுப்பியிருக்கணும். ஒரே ஒரு வரி. இருபத்திரெண்டு குடும்பம்.

சோதிச்சேன் டீச்சர், சோதிக்காம விடுவேனா? கடைசிப் பட்டனை அமுக்கிப் பாத்தேன். சரியாப் போச்சு. ஒண்ணு சரியாப் போனா எல்லாம் சரின்னு நினைச்சுட்டேன்.

இன்னைக்கு சாயங்காலம் சங்கக் கூட்டம். இதை நான் சொன்னா எவன் நம்புவான்? அதான் உங்க கையெழுத்து. இது படிக்கிறவங்க வழக்கமாப் பண்ற தப்புதான்னு ரெண்டு வரி. எழுதுங்க, எழுதுங்க.

அந்த இருபத்திமூணாவது ஆளா? அவனுக்கு ஒண்ணும் ஆகல. இருபத்திமூணு சேதி வந்துச்சு, வீட்டுலயே இருந்துட்டான். யாரா? வேற யாரு, என் பையன்தான். அவனும் அதே பட்டறைதான். சோதனைக்கு வேற ஒருத்தர் போனைத் தொந்தரவு பண்ணுவானேன்னுதான் அவன் பட்டனை அமுக்கிப் பாத்தேன். அகர வரிசையில நாலாவதா வரவேண்டியவன். சொந்தப் புள்ளைய முன்னால வச்சுக்கிட்டான்னு ஒருத்தன் நாக்கு மேல பல்லுப் போட்டுப் பேசிடக் கூடாது பாருங்க, நான்தான் இழுத்துட்டுப் போயி கடைசில போட்டேன்.

ஏன் டீச்சர், பேனாவை மூடிட்டீங்க?