பூஜை நாள் படத்தால் பீர்க்கன்கரணை வழக்கை வென்ற ஹேமாவதி அம்மையாருக்கு

சட்டமும் சதுர அடியும் சண்டையிடும் இடமெல்லாம் சளைக்காமல் நின்றவரே! தாம்பரம் முதல் கோவளம் வரை, சொத்து வரி அறிவிப்பைக் கையில் வாங்கிய கடைக்காரர்களெல்லாம் பெயர் சொல்லித் தேடி வந்த பெருமாட்டியே! முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் வழக்கறிஞர் அலுவலகத்தின் மூச்சாகவும், சில நாள்களில் எங்களுக்கு மூச்சு முட்ட வைத்தவராகவும் விளங்கிய தலைமைக் குமாஸ்தாவே! வணக்கம்!

கட்டடத்தை நேரில் காணாமல் அதற்காக ஒரு சொல்லும் எழுத மாட்டீர்கள். வணிக வளாகமோ வாடகைக் கடையோ, சுவருக்குச் சுவர் நாடா பிடித்து, மாடிப்படியைத் தனியே, மொட்டை மாடியைத் தனியே அளந்த பிறகே உங்கள் மேசையில் மனு பிறக்கும். அந்த நாடாவின் மறுமுனையைப் பிடித்துப் பிடித்தே இடுப்பு ஒடிந்தவர்கள் நாங்கள். “நீங்க குமாஸ்தாவா, கொத்தனாரா?” என்று வழக்கறிஞர் துரைராஜ் சார் ஒருமுறை எரிந்து விழுந்தார். “கொத்தனாருக்குத்தான் சார் கட்டடம் தெரியும்” என்று சொல்லிவிட்டு நீங்கள் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டீர்கள்.

ஆயிரம் வழக்கு கண்ட அம்மையாரே! அத்தனைக்கும் மணிமகுடம் பீர்க்கன்கரணை வழக்கு. கணவரை இழந்த அங்காளம்மாளுக்கு அங்கிருந்த மூன்று மாடிக் கடைக் கட்டடமே வாழ்வு. வண்டி நிறுத்தத் தூண்களோடு விட்டிருந்த கீழ்த்தளத்தை ‘அன்றாடக் கிடங்கு’ என்று எழுதி, பல ஆண்டு வரியைப் பின்தேதியிட்டுக் கேட்டது மதிப்பீட்டு அறிக்கை. சான்றாக ஒரு புகைப்படம். அதில் கீழ்த்தளம் நிறையத் துணிக்கட்டுகள், தையல் இயந்திரங்கள். முதல் முறையீட்டில் தோற்றோம். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம், அந்தப் படத்தை நாங்களும் நம்பிவிட்டோம்.

“இன்னாம்மா பண்றது? கட்டடத்த வித்துட வேண்டிதான். புரோக்கராண்ட சொல்லிகினு வந்துட்டேன்” என்று அங்காளம்மாள் அழுதபோது, நாங்கள் வழக்குக் கட்டை மூடிக் கட்டத் தொடங்கிவிட்டோம்.

நீங்களோ அந்தப் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனீர்கள். தையல் இயந்திரத்தில் சந்தனம், குங்குமம்! தூணில் வாழைக்கன்று! துணிக்கட்டின் மேல் தட்டு நிறையப் பொரி! “சார், இது ஆயுத பூஜை அன்னிக்கு எடுத்த போட்டோ!” என்று நீங்கள் போட்ட சத்தத்தில் எதிரே இருந்த டீக்கடைக்காரரே எட்டிப் பார்த்தார். கடைகளைக் கழுவிவிடச் சாமான்களைக் கீழே இறக்கி, எல்லாரும் சேர்ந்து அங்கேயே பூஜை போடுவது அந்தக் கட்டடத்து வழக்கம். ஆண்டில் ஒரே நாள்! அது போதாதென்று, நான்கு மாதம் வாரந்தோறும் போய், வண்டிகள் நிற்கும் கீழ்த்தளத்தை நீங்களே படமெடுத்துச் சேர்த்தீர்கள். மேல்முறையீட்டு மன்றத்தில் எதிர்த்தரப்பின் படமே நமக்குச் சாட்சி சொன்னது! கீழ்த்தளம் வாகன நிறுத்தமே என்றது தீர்ப்பு! பழைய மதிப்பீடு ரத்து! அந்தத் தீர்ப்பைக் காட்டிச் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் மேலும் பதினொரு கட்டடங்கள் வென்றன. வெற்றி! வெற்றிமேல் வெற்றி!

பணி ஓய்வு பெறும் உங்களை அனுப்ப எங்களுக்கு மனமே இல்லை. அதட்ட ஆளில்லாத அலுவலகத்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது. இனியாவது கல்யாண மண்டபத்துக்குப் போனால் பந்தியில் உட்காருங்கள். தூண்களை எண்ண வேண்டாம். முழங்கால் வலி முற்றும் நீங்கி, மதியத் தூக்கம் மனம்போல வாய்த்து, பேரன்பும் பெருநலமும் சூழப் பல்லாண்டு வாழ்க!

ஊழியர் மட்டுமே ஒப்பமிடும் இம்மடலில் தானும் ஒப்பமிடுவேன் என்று ஒருவர் அடம்பிடித்து வென்றார். பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று கேட்டோம். அவர் சொன்னதை அப்படியே அச்சிட்டிருக்கிறோம்.

என்றும் உங்கள்,
மெட்டில்டா, ஷ்யாம்சுந்தர், உதயா
மற்றும் அலுவலக ஊழியர்கள், மேற்குத் தாம்பரம்

அங்காளம்மாள்
கட்டடத்தின் சொந்தக்காரி, பீர்க்கன்கரணை