கடைசி அத்தியாயத்துக்கு ஒரு சுற்று காப்பி

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, மறைந்த நம் வாசிப்பாளரின் துணைவியார் டோன்யா அம்பாரோ அவர்களே, கையில் புகையிலை வாசனையோடு வந்து அமர்ந்திருக்கும் டாம்பா நகரச் சுருட்டுத் தொழிலாளத் தோழர்களே, வணக்கம்!

அழ வந்தவர்கள் கைக்குட்டையை மடித்து வையுங்கள். நம் வாசிப்பாளர் டான் எவரிஸ்டோ அவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

எழுதப் படிக்கத் தெரியாதவன் நான். ஆனால் நாவல் தெரியாதவனா? ஆலையில் நாம் சுருட்டுச் சுற்ற, உயர்ந்த நாற்காலியில் அமர்ந்து அவர் உரக்கப் படித்தாரே! அவருக்குக் கூலி கொடுத்தது யார்? முதலாளியா? இல்லை! நாம்! எந்தப் புத்தகம் என்று கையுயர்த்தி முடிவு செய்ததும் நாம்!

அப்படித்தான் அந்த நாவல் வந்தது. ஒரு சலவைக்காரியின் மகன். உழைத்தால் இந்த நாட்டில் எவனும் உயரலாம் என்று நம்பி, எஃகு ஆலை முதலாளியாகிறான். தாய் துணி துவைத்த மாளிகையையே விலைக்கு வாங்குகிறான். அவன் சாவியை வாங்கிய அன்று நாம் என்ன செய்தோம்? மெய்மறந்து எல்லாச் சுருட்டையும் வாழைக்காய் போலத் தடியாகச் சுற்றிவைத்தோம்!

மேனேஜர் வில்கின்ஸ் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். “யோவ், இதென்னய்யா சுருட்டா, மேசைக்காலா?”

“அவன் மாளிகை வாங்கிட்டான் சார்! சந்தோஷத்துல கை கொஞ்சம் தாராளமாயிடுச்சு,” என்றான் நம் நுன்சியோ.

மறுவாரமே முதலாளி உத்தரவில் வாசிப்பாளரின் நாற்காலி வெளியே போனது, ரேடியோ உள்ளே வந்தது. கடைசி அத்தியாயம் பாக்கி! பெரிய வீட்டுக்காரர்களுக்கு அவன் விருந்து வைத்திருக்கிறான். வருவார்களா? தங்களில் ஒருவனாக ஏற்பார்களா? அது தெரியாமல் நமக்குச் சோறு இறங்கவில்லை.

வேலை போன மனிதர் என்ன செய்தார்? ஞாயிற்றுக்கிழமை மூலைக் காப்பிக்கடையில் எழுந்து நின்று, கூலி வாங்காமல் சும்மாவே கடைசி அத்தியாயத்தைப் படிக்கத் தொடங்கினார். கதவருகே தொப்பியை இறக்கிவிட்டபடி ஒருவர். யார்? வில்கின்ஸ்!

“நீங்க எதுக்கு சார் வந்தீங்க?” என்றோம்.

“ஆலையில என் கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டேன்யா. விருந்துக்கு வந்தாங்களா இல்லையா, அதச் சொல்லித் தொலைங்க!”

டான் எவரிஸ்டோ புத்தகத்தை மூடினார். “கேக்கறவங்கதான் சார் இங்க கூலி குடுக்கணும். இத்தன மாசமா ஓசியில கேட்டிருக்கீங்க. எல்லாருக்கும் காப்பி சொல்லுங்க.”

சொன்னாரா? சொன்னார்! தன் கையாலேயே கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தார்!

டான் எவரிஸ்டோ மீண்டும் படித்தார்: விருந்துக்கு ஒருவரும் வரவில்லை. நீண்ட மேசையில் தனியாக இருந்தவன், பின்வாசலில் வெளுத்த துணியோடு நின்ற சலவைக்காரக் கிழவியைச் சாப்பிடக் கூப்பிடுகிறான். “எங்க தெருவே வெளிய நிக்குதுப்பா,” என்கிறாள் அவள். முன்வாசலைத் திறந்துவிடுகிறான். கடையே ஆர்ப்பரித்தது!

வில்கின்ஸ் மட்டும், “அவ்வளவு பணம் இருந்துமா வரல?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

“உங்கள நம்ம மொதலாளி விருந்துக்குக் கூப்பிட்டிருக்காரா சார்?” என்றான் நுன்சியோ.

வில்கின்ஸ் ஒரு நாற்காலியை இழுத்து நம் மேசையருகே போட்டுக்கொண்டார். அன்றுமுதல் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்தார்.

தோழர்களே! அந்தக் காப்பிக்கடை வாசிப்பு நிற்கலாமா? நிற்க விடமாட்டோம்! படிக்கத் தெரிந்தவர்கள் முறைவைத்துப் படியுங்கள். தெரியாத நாங்கள் காப்பி வாங்குகிறோம். இது டோன்யா அம்பாரோ முன்னால் நான் கொடுக்கும் வாக்கு.

மௌன அஞ்சலி வேண்டாம். சத்தமாகப் படித்தே வாழ்ந்த மனிதர் அவர். வாசிப்பு பிடித்தால் சுருட்டுக் கத்தியால் பலகையைத் தட்டுவோமே, நினைவிருக்கிறதா? எடுங்கள் கத்தியை. தட்டுங்கள்!