பாலத்தில் நாற்பது பேர்

— மூணு மணி நேரம் அர்விட். இந்த விளையாட்டுல என் முறை வர்றதுக்கு மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன். வந்ததும் ஒரே ஒரு தடவை பகடையை உருட்டினே. "பாலத்துல உன் ஆளுங்க நாப்பது பேரும் செத்தாச்சு"ன்னுட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டே.

— நாலாயிரம் பேர் மோதுற ச... ச...

— சண்டை. தெரியும்.

— சமவெளின்னு சொல்ல வந்தேன், லொரெய்ன். ஒவ்வொருத்தனுக்கும் பகடை உருட்டினா, முடிக்கிறதுக்குள்ள குளிர்காலம் போய் ஏரியில பனியே உருகிரும். அதான் இ... இருபது பேருக்கு ஒரு ஈயப் பொம்மை.

— கேளு. மத்த நாலு பேரும் மேல சமையலறையில சாசேஜ் தின்னுக்கிட்டு என்ன பேசுறாங்க தெரியுமா? அடுத்த சனிக்கிழமையிலிருந்து பவுலிங் போயிடலாமாம். ரெண்டு வருஷமா நடத்துற கதை இன்னியோட முடிஞ்சிரும்போல இருக்கு.

— போகட்டும்.

— சும்மா சொல்லாதே. மில்வாக்கியிலிருந்து பனியில வண்டி ஓட்டிக்கிட்டு வர்றவ நான். மேஜையில போர்க்களம்னு நீ கொட்டி வெச்ச இந்த மணலையும் பொம்மையையும் பாக்கவா வர்றேன்? முன்னெல்லாம் மேஜையில ஒரு பொம்மைகூட இருக்காது. நாங்க அஞ்சு பேரும் ஆளுக்கொரு பாத்திரமா பேசுவோம். வழியில எதிர்ப்படுற எல்லாருமே நீதான். சத்திரக்காரன், திருடன், கிழட்டுப் பாதிரி, எல்லாரும். அதெல்லாம் எங்க போச்சு?

— கதையில போர் வந்திருச்சு. அ... அவ்வளவுதான்.

— நீதானே கொண்டு வந்தே? நவம்பர்ல ராணியா பேசினே. அதுக்கப்புறம் எந்தப் பாத்திரமாவும் நீ வாயைத் திறக்கவே இல்ல. வாராவாரம் சண்டை, அட்டவணை, எண்ணிக்கை.

— எண்களைப் படிக்கிறது சு... சுலபம்.

— ராணி தீர்ப்பு சொன்ன அன்னிக்கு, ஒரு வார்த்தையில திக்கி நின்னுட்டே. மேல இருக்கானே டுவேன், அவன் சிரிச்சான்.

— டுவேன் எல்லாத்துக்கும் சிரிப்பான்.

— நானும் சிரிச்சேன். குனிஞ்சுக்கிட்டேன், உனக்குத் தெரியாதுன்னு நினைச்சேன். அதைச் சொல்லத்தான் கீழே இறங்கி வந்தேன். பாலம் ஒரு சாக்கு.

— தெரியும்.

— எது தெரியும்?

— நீ சிரிச்சது. அப்போ நான் உ... உன்னைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.

— அப்புறமும் எனக்கு நாற்காலி போட்டு வெச்சே.

— நீ நல்லா விளையாடுவே.

— மன்னிச்சுரு, அர்விட்.

— அந்தப் பொம்மை ரெண்டையும் எடுத்துக் குடு. பாலத்துல கிடக்கே, அது. பகடையில விழுந்ததை அழிச்சுடறேன். உன் ஆளுங்க இன்னும் சாகல.

— மத்தவங்களைக் கூப்பிடட்டா?

— இரு. முதல்ல நீ மட்டும். எதிரிப் படை முழுசா ஆத்தங்கரைக்கு வந்தாச்சு. உன் பக்கத்துல உன் ஆளு ஒருத்தன், ஊர்ல ரொட்டி சுடுறவன், இப்போ கையில ஈட்டி. உன்கிட்ட ஏதோ கேக்குறான். "தளபதி, நா... நா... நாங்க..."

— ...

— என்ன, அவனுக்கு வார்த்தை எடுத்துக் குடுக்கலையா?

— இல்ல. அவனே சொல்லட்டும், காத்திருக்கேன். ஆனா எதிரி வந்துருவானே?

— வரமாட்டான். இவன் பேசி முடிக்கிற வரைக்கும் அந்த நாலாயிரம் பேர்ல ஒருத்தனும் ஒரு அடி எடுத்து வைக்கக்கூடாது. இ... இனிமே என் போர்ல இதுதான் விதி.