எட்டு கேமராவுக்கும் ஒரே தரை

தம்பி: அந்த ஊன்றுகோலை வாசல்லயே வெச்சுட்டு உள்ள வாக்கா.

அக்கா: ஏன்டா, அது உன்னை என்ன பண்ணுச்சு?

தம்பி: பளபளன்னு இருக்குல்ல. கேமராவுக்குப் பளபளப்பைக் கண்டாலே ஆகாது. குழம்பிடும்.

அக்கா: அது இல்லாம நான் எப்படி...

தம்பி: சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு வா. அவசரமே இல்ல.

அக்கா: கால் ஒடிஞ்ச பிறகு இன்னிக்குத்தான் வீட்டை விட்டு வர்றேன். வந்த இடத்துல வேலை வாங்குறான் பாரு!

தம்பி: கூட வேலை பார்க்கிறவர் லீவுக்கா. நான் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா, இந்தக் கோலைக் கேமரா முன்னாடி ஆட்ட ஒரு ஆள் வேணும்ல?

அக்கா: சினிமாவுல டூப் போட்டு மாடிக்கு மாடி கயித்துல தாவினவ, இப்ப உனக்குக் கோல் ஆட்டணும். ம்... குடு. என்னடா இது, முனையில வெள்ளை வெள்ளையா உருண்டை?

தம்பி: அதைத்தான் கேமரா பார்க்கும். நடிக்கிறவங்க அசைவை மட்டும் பிடிக்கிற கேமரா, மேல சுத்தி எட்டு இருக்கு பாரு. ஒண்ணுக்கு நீ இடப்பக்கம், எதிர்ல இருக்கிறதுக்கு வலப்பக்கம். ஒவ்வொண்ணும் தான் பார்க்கிறதுதான் சரின்னு நிக்கும். எல்லாத்துக்கும் ஒரே கோலைக் காட்டினாத்தான், எந்தக் கேமரா எங்க இருக்குன்னு கம்ப்யூட்டர் கணக்குப் போடும்.

அக்கா: நான் விழுந்த கதையை நம்ம வீட்டுல சொல்ற மாதிரி. அம்மாவைக் கேட்டா கயிறு சரியில்ல. அப்பாவைக் கேட்டா எனக்குத் திமிரு. நீ...

தம்பி: நான் ஒண்ணுமே சொல்லலையே.

அக்கா: அதான். நீ மட்டும் வாயே திறக்கல.

தம்பி: ...ஆட்டுக்கா. காத்துல பெருசா வட்டம் போடு. அப்படியே நடந்துக்கிட்டே.

அக்கா: நடக்கணுமா?

தம்பி: ஒரே இடத்துல நின்னா மத்த இடமெல்லாம் தெரியாதே.

அக்கா: ...போதுமா?

தம்பி: மூணாவது கேமரா ஒத்து வரல. யாரோ இடிச்சிருக்காங்க. இன்னொரு சுத்து.

அக்கா: கால் வலிக்குதுடா.

தம்பி: உக்காரணுமா? நாற்காலி கொண்டு வரட்டா?

அக்கா: உக்காரணும்னா சொன்னேன்? வலிக்குதுன்னு சொன்னேன்.

தம்பி: சரி சரி. அந்த மூலைக்குப் போ.

அக்கா: நடுவுல பிடிக்க ஒண்ணுமே இல்லையேடா...

தம்பி: ம்... இல்ல. நான் வரட்டுமாக்கா?

அக்கா: நீ உக்காரு. பேச்சுக் குடுக்காத. இன்னும் நாலடி... ரெண்டு... வந்துட்டேன்! பார்த்தியா?

தம்பி: பார்த்தேன். இப்பக் குனிஞ்சு, தரையோரமா ஆட்டு.

அக்கா: முட்டி மடங்குதான்னு பார்க்குறியா?

தம்பி: நானா? கேமரா பார்க்குது.

அக்கா: பொய் சொல்றப்ப உன் காது சிவக்கும்டா. இருட்டுல உக்காந்திருக்க, பிழைச்ச.

தம்பி: இன்னும் ஒரே ஒரு சுத்து... இன்னும் ஒண்ணு... அவ்வளவுதான். அங்க தச்சர் மூலைமட்டம் மாதிரி, 'L' வடிவத்துல ஒரு சட்டம் இருக்குல்ல, அதைத் தரையில நடுவுல வை.

அக்கா: இங்கயா?

தம்பி: உனக்கு எங்க தோணுதோ அங்க. நீ வெக்கிற இடம்தான் எட்டுக்கும் பூஜ்யம். இனிமே எல்லாத்தையும் அங்கேந்துதான் அளக்கும்.

அக்கா: வெச்சாச்சு.

தம்பி: ...சேர்ந்துருச்சு. எட்டும் ஒரே தரையைப் பார்க்குது.

அக்கா: உண்மையைச் சொல்லு. அந்த மூணாவது எப்ப ஒத்து வந்துச்சு?

தம்பி: ...ரெண்டாவது சுத்துலயே.

அக்கா: அடப் படுபாவி! அதுக்கப்புறமும் என்னை நடக்க விட்டியா!

தம்பி: எலும்பு சேர்ந்துருச்சு, நடன்னு டாக்டர் சொல்லியும் நீ கேக்கலையேக்கா. வேலைன்னு குடுத்தா செய்வன்னு...

அக்கா: இன்னும் எதையோ முழுங்குற. சொல்லிடு.

தம்பி: திட்டக் கூடாது. நாளைக்கு இங்க ஒரு வீடியோ கேமுக்குப் பதிவு. போர்ல அடிபட்ட ராணி, காலை இழுத்து இழுத்து சிம்மாசனத்துக்கு நடந்து போறா. தாவ வேண்டாம், குதிக்க வேண்டாம். உன்னைக் கேக்காம டைரக்டரம்மாகிட்ட உன் பேரைக் குடுத்துட்டேன். வேண்டாம்னா சொல்லு, இப்பவே போன் பண்ணி...

அக்கா: அவங்க நேத்தே எனக்குப் பண்ணிட்டாங்கடா. நானும் வர்றேன்னு சொல்லிட்டேன். போனை வெச்ச பிறகுதான், நடுவுல விழுந்துட்டா என்ன பண்றதுன்னு தோணுச்சு... விழுறதா இருந்தா மொதல்ல உன் முன்னாடி விழுந்து பார்த்துடலாம்னுதான் இன்னிக்குக் கிளம்பி வந்தேன்.