தெற்குச் சுவரில் நாற்பத்தொரு கூடுகள்

நீங்கள் என்றாவது ஒரு நாள் முழுக்க ஒரு சத்தமும் போடாமல் இருந்து பார்த்திருக்கிறீர்களா? பேசாமல் இருப்பதைச் சொல்லவில்லை. அது சுலபம். கரண்டியைத் தட்டில் வைப்பது, கதவைச் சாத்துவது, வருகிற தும்மலை விழுங்குவது, இதையெல்லாம் சேர்த்துச் சொல்கிறேன். முப்பத்திரண்டு வருஷமாக, வருஷத்துக்கு எழுபது நாள் நான் அப்படி இருந்திருக்கிறேன். அதனால்தான் நீங்கள் மோட்டார் படகில் வந்து இறங்கியபோது என் முகம் அப்படிப் போயிற்று. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சத்தத்தால் கெடுவதற்கு இனி இங்கே ஒன்றும் இல்லை. காப்பி குடியுங்கள். கோப்பையைக் கீழே வைக்கும்போது மட்டும் சுண்டுவிரலை முதலில் வைத்து, அதன்மேல் இறக்குங்கள். சத்தம் வராது.

கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றீர்கள். ஆனால் டுன்னாவைப் பற்றித் தெரியாமல் என் கொழுந்தன் ஒட்மண்டைப் பற்றி எழுதினால் உங்கள் அறிக்கை பாதியில் நிற்கும்.

டுன்னா பூனையைவிடக் கொஞ்சம் பெரியது. சாம்பல் நிறம். முன்கால் இரண்டும் துடுப்பு, பின்கால் இரண்டும் பூனைக்கால். அது நிலத்தில் நடப்பதைப் பார்த்தால் கல்யாண விருந்து முடிந்து வீட்டுக்குப் போகும் பாதிரியார் ஞாபகம் வருகிறது என்று என் கணவர் சொல்வார். வெளியே தெரிகிற காது கிடையாது. தாடையைத் தரையில் பதித்துத்தான் கேட்கும். நாம் கேட்காததையெல்லாம் அது கேட்கும்.

ஏப்ரல் கடைசியில் கடலிலிருந்து ஏறி வரும். நாங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிக் கல் அடுக்கிச் சின்னச் சின்ன அறை கட்டி, உள்ளே காய்ந்த கடற்பாசி பரப்பி வைத்திருப்போம். ஒரு அறைக்கு ஒரு தாய். வந்ததும் தன் வயிற்றுப் பஞ்சைத் தானே பிடுங்கிப் பாசிமேல் மெத்தை போடும். ஜூன் முதல் வாரத்தில் குட்டி போடும், ஒன்றோ இரண்டோ. குட்டிக்கு முப்பது நாள் ஆகும்வரை தண்ணீர் ஆகாது. ரோமத்தில் எண்ணெய் ஊறியிருக்காது, முழுகிவிடும். முப்பதாம் நாள் தாயும் பிள்ளையும் கடலில் இறங்கிப் போய்விடும். கூட்டில் மிஞ்சுகிற பஞ்சு எங்களுக்கு. இந்தத் தீவில் எல்லாரும் பிறக்கும்போது கிடத்துவதும் அந்தப் பஞ்சில்தான், சாகும்போது போர்த்துவதும் அந்தப் பஞ்சால்தான்.

இன்னொன்று. தாய்கள் எல்லாம் ஊமை. கூட்டத்தில் ஒன்றுக்கு மட்டும் குரல் உண்டு. கிழட்டு ஆண். அது கூட்டுக்குள் போகாது. பாறைமேல் உட்கார்ந்து இரவும் பகலும் கரகரவென்று ஒரு சத்தம் போடும். சின்னதாக இரண்டு, பிறகு நீளமாக ஒன்று. அதைக் காவலாள் என்பார்கள். காவலாள் வாயை மூடினால் ஆபத்து வந்துவிட்டது என்று தாய்கள் எல்லாம் கிளம்பிவிடும் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தீவுக்காரர்கள் பார்த்ததைச் சொல்வார்கள், யோசித்துச் சொல்ல மாட்டார்கள். நான் வெளியூர்க்காரி. உள்நாட்டில் மர அறுவை ஆலைக்குப் பக்கத்து வீட்டில் பிறந்தவள். இருபத்து மூன்று வயது வரை அந்த ரம்பச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசித்தான் வளர்ந்தேன். புத்தகங்கள் வரவழைத்துப் படித்தேன். கடல்நாயைப் பற்றி எழுதியிருந்தார்கள், நீர்நாயைப் பற்றி எழுதியிருந்தார்கள், டுன்னாவைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. ஆகவே நானே நோட்டில் எழுத ஆரம்பித்தேன்.

அமைதிக் காலத்தில் இங்கே யாரும் சுத்தியலை எடுக்க மாட்டார்கள். மே பதினேழு தேசிய தினத்தன்று கூட, மேளம் இல்லாமல் காலுறையோடு கொடி பிடித்துப் போய், பள்ளிக்கூட வாசலில் நின்று எல்லாரும் கிசுகிசுத்த குரலில் வாழ்த்துச் சொல்லிவிட்டுத் திரும்புவோம். ஆனால் அது போதாது என்று எனக்குத் தோன்றியது. வந்த வருஷமே சுவர்க் கடிகாரத்தை நிறுத்தினேன். அடுத்த வருஷம் கோழிகளை. டெலிபோன் கம்பியை ஏப்ரலிலேயே கழற்றிவிடுவேன், மணி அடிக்குமே. என் கணவர் சீவெர்ட் குறட்டை விடுகிறவர். பதினைந்து வருஷம் எழுப்பி எழுப்பித் திருப்பிப் படுக்க வைத்தேன். பிறகு அவராகவே படகுக் கொட்டகையில் படுக்க ஒப்புக்கொண்டார். ஏப்ரலில் அங்கே வாளித் தண்ணீர் உறைந்துவிடும். அங்கே படுத்த மூன்றாவது வசந்தத்தில் நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டார். அது அவருடைய உடம்பு வாகு. அதை நீங்கள் கேட்கவில்லை.

அவர் போய் ஒன்பது வருஷம் தனியாகத்தான் இருந்தேன். பத்தொன்பது கூடு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தீவின் மறுமுனையில் இருக்கும் மாக்னில்டுக்கு இருபது. அவள் வீட்டில் தண்ணீர்ப் பம்பு ஓடும், பேரன்கள் ஓடுவார்கள், அவளே வாய் ஓயாதவள். அப்படியும் இருபது. ஒன்று கூட. அதை அவள் பார்க்கும்போதெல்லாம் சொல்வாள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் இரண்டு விஷயம் நடந்தது. எங்கள் காவலாளைக் கழுகு தூக்கிக்கொண்டு போயிற்று. அதே மாதம் சீவெர்டின் தம்பி ஒட்மண்ட் தெற்கே சுரங்கப் பாதைக்கு வெடி வைக்கிற வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். நெஞ்சு முழுக்கக் கல்தூசி. அது அவர் பிறந்த வீடு, வராதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. தெற்குப் பக்க அறையைக் கொடுத்தேன்.

நல்ல மனிதர். அதை எழுதிக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கைத் தானே உரித்துக்கொள்வார். ஆனால் இருமுவார். சின்னதாக இரண்டு, பிறகு நெஞ்சைக் கிழிக்கிற மாதிரி ஒன்று. இரவென்றும் இல்லை, பகலென்றும் இல்லை.

காவலாள் இல்லாமல் அந்த வருஷம் கூட்டம் கலைந்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். கலையவில்லை. அடுத்த வருஷம் இருபத்தாறு கூடு. அதற்கடுத்து முப்பத்து மூன்று. இந்த வருஷம் நாற்பத்தொன்று. மற்ற மூன்று சுவர்களையும் விட்டுவிட்டு, எல்லாம் தெற்குச் சுவரில், அவர் சன்னலுக்குக் கீழே வந்து நெருக்கியடித்தன. புதிதாகக் கல் அடுக்கக் கூட நேரம் கொடுக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருபத்தேழு வருஷம் காத்த அமைதி ஒருவழியாகப் பலன் கொடுத்துவிட்டது. மாவட்ட வாரப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதி அனுப்பினேன், போட்டார்கள். காவலாள் கதை மூடநம்பிக்கை என்றும், டுன்னாவுக்கு வேண்டியது முழு அமைதி ஒன்றுதான் என்றும் எழுதியிருந்தேன். வெட்டி இதோ, கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

ஒட்மண்ட் அதைப் படித்துவிட்டு, அதுங்களுக்கு என் பாட்டு புடிச்சுப்போச்சு அண்ணி, நீங்கதான் கைதட்ட மாட்டேங்கிறீங்க, என்றார். எப்போதும் இப்படித்தான் ஏதாவது சொல்வார். மாக்னில்ட் கடைக்குப் போகிற வழியில் என்னை நிறுத்தி, "டோர்டிஸ், உன் கொழுந்தனை ஒரு வருஷம் எங்க வீட்டுக்கு அனுப்பேன், மீன் அவிச்சுப் போட்டு வெச்சுக்கிறேன்," என்றாள். அவளும் புருஷன் இல்லாதவள். வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு நான் சிரிக்காமல் வந்துவிட்டேன்.

ஆனால் நாற்பத்தொன்றை வைத்துக் காப்பது சும்மா இல்லை. நான் சன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். அவர் இருமும்போதெல்லாம் நாற்பத்தொரு தலையும் லேசாக நிமிரும். இருமி முடித்ததும் தாடையைத் தரையில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் அவற்றுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது என்று நோட்டில் எழுதினேன். எவ்வளவு பொறுமை அவற்றுக்கு என்றும் எழுதினேன்.

மே மாதம் அவரை மூன்று நாள் கரைப்பக்கத்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அந்த மூன்று நாளும் வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. ஆனால் டுன்னாக்கள் நிலைகொள்ளவில்லை. கூட்டை விட்டு வெளியே வருவதும் கடலைப் பார்ப்பதுமாக இருந்தன. இரண்டு தாய் போயே போய்விட்டன. நாற்பத்து மூன்று அப்போதுதான் நாற்பத்தொன்று ஆயிற்று. அவரை ஏற்றிப்போன மோட்டார் படகின் சத்தம் மூன்று நாள் அவற்றின் தாடையில் நின்றிருக்க வேண்டும். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அவர் திரும்பி வந்த அன்று சாயங்காலமே அடங்கிவிட்டன. களைத்துப்போயிருக்கும்.

டாக்டர் அவரிடம் சொல்லி அனுப்பியது இது: மூச்சு மோசமானால் டெலிபோன் செய்ய வேண்டும், ஹெலிகாப்டர் வரும். நீங்கள் ஹெலிகாப்டரைப் பக்கத்தில் கேட்டிருப்பீர்கள். நான் அறுவை ஆலையைக் கேட்டவள், எனக்கே அது பெரிய சத்தம். முற்றம் தெற்கே இருக்கிறது. அது இறங்க வேறு இடமும் கிடையாது.

ஜூன் பதினெட்டாம் தேதி அவருக்கு உதடு நீலமாகியது. குட்டிகளுக்கு அன்று பன்னிரண்டு நாள். கட்டிலில் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"போன் வயரை மாட்டுங்க அண்ணி."

"பதினெட்டு நாள்தான் தம்பி. குட்டிங்க தண்ணியில இறங்கட்டும்."

"பதினெட்டு நாள் நான் தாங்க மாட்டேன்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். "அப்ப நாளைக்கும் சொல்றாப்ல என்னை வெச்சுக்குங்க," என்றார்.

நான் என்னாலான எல்லாம் செய்தேன். டுன்னாப் பஞ்சை அடைத்துத் தைத்த போர்வையைப் போல சத்தத்தை உறிஞ்சுவது உலகத்தில் வேறு எதுவும் இல்லை. என் கல்யாணத்துக்குத் தைத்தது ஒன்று இருந்தது. முதலில் அதைச் சன்னலில் மாட்டினேன். காற்று வேண்டும் என்றார், எடுத்தேன். கதவில் மாட்டினேன். போதவில்லை. கட்டிலின் கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு வைத்தேன், தரை வழியாகத்தானே அவை கேட்கின்றன. கட்டிலைச் சுற்றித் திரை மாதிரி கட்டிப் பார்த்தேன். சத்தம் பாதியாயிற்று. ஒவ்வொரு தடவையும் போர்வை அவருக்குக் கிட்டே வர வரப் பலன் கூடியது. இது யாருக்கும் புரிகிற கணக்கு.

பத்தொன்பதாம் தேதி மத்தியானம். அவித்த மீன் வைத்தேன், தொடவில்லை. மூன்று மணிக்கு இருமல் உடைந்துவிட்டது. இரண்டும் ஒன்றுமாக வராமல், மூன்று நாலு என்று தாறுமாறாக வந்தது, நடுவில் நின்று நின்று வந்தது. நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். நாற்பத்தொரு டுன்னாவும் கூட்டை விட்டு வெளியே வந்து, வரிசையாக நின்று, சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தன. இந்த முப்பத்திரண்டு வருஷத்தில் அப்படி நான் பார்த்ததில்லை. அவை என்னிடம் எதையோ கேட்பது மாதிரி இருந்தது. இதற்கு மேல் பொறுக்க முடியாது, ஏதாவது செய் என்று.

போர்வையை எடுத்து அவர்மேல் போட்டேன். முகத்தின்மேல் மடித்துப் போட்டேன். அதன்மேல் சாய்ந்துகொண்டேன். எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள், கடிகாரம் ஓடவில்லை. அவர் என் கையைப் பிடித்தார், பிடித்துக்கொண்டே இருந்தார். கட்டில் இரண்டு தடவை அசைந்தது, கம்பளித் துண்டு இருந்ததால் தரையில் கேட்கவில்லை. பிறகு நின்றது. உங்கள் டாக்டர் அவருடைய மூக்கில் பஞ்சு பார்த்ததாகச் சொன்னீர்கள். அது எங்கள் பஞ்சுதான். போட்டது நான்தான். நீங்கள் கேட்டது இது என்றால், ஆமாம்.

அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர் ஒருவர், அவை நாற்பத்தொன்றும் குட்டிகளும். அவருக்கு அந்த மூச்சோடு இன்னும் எத்தனை நாள். ஹெலிகாப்டர் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று உங்கள் டாக்டர் சொல்கிறார். அவர் டுன்னாவைப் பற்றி எதுவும் படித்ததில்லை.

அவர் கையை நேராக எடுத்து வைத்துவிட்டு, சன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி போன அந்த மூன்று நாளைத் தவிர, ஐந்து வருஷத்தில் முதல்முறையாக வீடு முழு அமைதியாக இருந்தது. ஜூனில் இங்கே இருட்டுவதில்லை, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அவை கூட்டுக்குத் திரும்பவில்லை. நாற்பத்தொன்றும் தாடையைத் தரையில் பதித்து அசையாமல் கிடந்தன. தேடித் தேடிக் கேட்பது மாதிரி. நான் நோட்டில், அமைதியை அனுபவிக்கின்றன என்று எழுதினேன். எழுதிவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனேன். நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை ஒரு தாய் கூட இல்லை. எல்லாம் கடலுக்குப் போயிருந்தன. பதினான்கு நாள் குட்டிகள் கூட்டில் கிடந்தன, அவை சத்தம் போடவில்லை. நான் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, காலுறையோடு, மெதுவாக நடந்துதான் போய்ப் பார்த்தேன்.